பன்னெண்டு இஞ்சு

எதுக்கு அவ்வளவு நீளம்னா, சார், உங்க விரல் அங்க போகாது, அதுக்குத்தான். இப்படித்தான் சொன்னேன். கிண்டல் இல்ல, கேட்டதுக்குப் பதில். விசாரணை நடத்த வந்த வக்கீல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பாத்தாரு, மேஜை மேல பாலிதீன் கவருக்குள்ள படுத்திருக்கிற என் திருப்புளியப் பாத்தாரு, மறுபடி என்னைப் பாத்தாரு. கவர் மேல சீட்டு ஒட்டி, சான்றாவணம் 1 னு எழுதி, கீழ ரெண்டு கையெழுத்து. ஒன்பது வருசம் என் பெட்டியில கிடந்தப்ப அதுக்கு இந்த மரியாதை கிடைக்கல. அப்புறம் அடுத்த கேள்வி வந்துச்சு. "தம்புராஜ் இதை உங்களைக் கேட்டு எடுத்தாரா, கேக்காம எடுத்தாரா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சுவத்து ப்ளக் படபடன்னு பொரிஞ்சுது, பிரிண்டர் நின்னுபோச்சு, டைப் அடிக்கிற பொண்ணு அய்யோன்னு கைய இழுத்துக்கிட்டா. எலக்ட்ரீசியனக் கூப்பிடுங்கன்னு பர்சனல் மேனேஜர் கத்தறாரு. எங்க இருந்து கூப்பிடறது? பகல் ஷிப்டுக்கு மில்லுல ரெண்டே எலக்ட்ரீசியன். ஒருத்தன் தம்புராஜ், குத்தம் சாட்டி அந்தப் பக்கம் உக்கார வச்சிருக்காங்க. இன்னொருத்தன் நாச்சிமுத்து, நான்தான், சாட்சின்னு இந்தப் பக்கம். ரூமுல இருக்கற ஒரே திருப்புளி கவருக்குள்ள. மேனேஜர் கை தன்னப்போல அந்தக் கவர்கிட்டப் போச்சு, வக்கீல் தொண்டையைச் செருமினதும் திரும்பி வந்துச்சு. நான் சிரிக்கல. சிரிச்சிருந்தா அதையும் டைப் அடிச்சிருப்பாங்க, பிரிண்டர் உயிரோட இருந்திருந்தா. பத்து நிமிசம் வெளிய உக்காருங்கன்னுட்டாங்க. உக்காந்திருக்கேன்.

கேட்டு எடுத்தானா, கேக்காம எடுத்தானா. ஒரே வார்த்தை. ப்ளக்கு பொரியுதுன்னா உள்ள ஸ்க்ரூ லூசு, அவ்வளவுதான், அரைச் சுத்து. அந்த ரூம் ப்ளக்கை ஆடியில நான்தான் முடுக்கினேன், இந்த ஆபீசுல ப்ளக்கைப் பிடிச்சு இழுக்கமாட்டாங்க, வயரைப் பிடிச்சு இழுப்பாங்க, அப்புறம் லூசாகாம என்ன பண்ணும். இந்த பெஞ்சும் ஆடுது. கால்ல ஒரு நட்டு இல்ல. ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னு எவனாவது கேட்டா அவனுக்கு என்ன வார்த்தை வேணும்னு முன்னாடியே தெரியும். ராத்திரி ஸ்கூலுல மூணு வருசம் படிச்சு எனக்கு மிஞ்சினது அதுதான். முப்பது பேரு படிச்சோம், இருபத்தஞ்சு பேரு தூங்குவோம், முழிச்சிருந்தப்ப வாத்தியார் ஒண்ணு சொல்லிக்கொடுத்தாரு, கையெழுத்துப் போடறதுக்கு முந்தி கடைசி வரி வரைக்கும் படிங்கடான்னு. சம்பளச் சீட்டுக்காகச் சொன்னாரு. கேக்காம எடுத்தான்னு சொன்னா அது உண்மை. பொய் கிடையாது. கேக்காமத்தான் எடுத்தான். ஒன்பது வருசமா கேக்காமத்தான் எடுத்தான். நான் அவன் டிபன் பாக்சுல இருந்து மாங்கா ஊறுகாயை கேக்காம எடுத்தேன், அதுக்கு விசாரணை எப்பன்னு தெரியல.

அந்தத் திருப்புளிய வாங்கினதே ரெண்டு பேரும் சேந்துதான். ஒப்பணக்கார வீதியில, துணிக்கடைக்குப் பின்னால சந்துக்குள்ள ஒரு ஹார்டுவேர் கடை. ஒரு ஞாயித்துக்கிழமை போனோம். கடைக்காரர் எட்டு இஞ்சு எடுத்துப் போட்டாரு, எட்டு பத்தாதுங்க, பன்னெண்டு வேணுங்கன்னேன். பன்னெண்டு இஞ்சுல என்ன முறுக்கப்போறீங்க, ரயிலான்னு கேட்டாரு. தம்புராஜ், "இல்லீங்க, எங்க மேனேஜர் காதுங்க, உள்ள லூசுங்க"ன்னான். நான் கல்லாக் கண்ணாடி மேல உருட்டிப் பாத்தேன். தண்டு நேரா இருந்தா சத்தமே இல்லாம உருளும், வளைஞ்சிருந்தா டக் டக்குனு தட்டும். நாலு தட்டுச்சு, அஞ்சாவது உருண்டுச்சு. நுனிய நகத்துல வச்சுப் பாக்கணும், மழுங்கலா இருந்தா ஸ்க்ரூ தலைய நக்கிட்டு வெளிய வந்துரும். ஸ்க்ரூ பள்ளத்துல கோழிமுட்டை கிண்ணத்துல நிக்கற மாதிரி ஆடிட்டு நிக்கக் கூடாது, சாவி பூட்டுல நிக்கற மாதிரி நிக்கணும். காந்தம் வச்ச நுனி வேணாம், மில்லு பேனலுக்குள்ள இரும்புத்தூளைக் கூட்டிட்டுப் போகும். நீளமா இருந்தா பலமா முறுக்கலாம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நீளத்துல பலமே இல்ல. பலம் கைப்பிடி பருமன்ல இருக்கு. நீளம் தூரத்துக்கு மட்டும். கை வெளிய நிக்கும், வேலை உள்ள நடக்கும். தண்டு நீள நீள கொஞ்சம் முறுகும், அதனால நுனிகிட்ட எதுலயாச்சும் சாய்ச்சுக்கணும், இல்லாட்டி வழுக்கும். சாய்ச்சுக்கணும். இதை உள்ள சொல்லணும். இதைச் சொல்லாம எதைச் சொன்னாலும் புரியாது. ஆனா ஒரே வார்த்தையில எப்படிச் சொல்றது?

ரெண்டு வாங்கினோம், ஆளுக்கு ஒண்ணு. அவனுது மூணே மாசத்துல போச்சு. பெயிண்ட் டப்பா மூடி தொறந்தான், செவுத்துல ஓட்டை போட சுத்தியல்ல அடிச்சான், ஒருக்கா தேங்கா உறிச்சான், சாமி சத்தியமா, கேண்டீன் பின்னாடி. உனக்குத் திருப்புளி வேண்டாண்டா, கடப்பாரை வாங்கிக்கோன்னேன். "உன்னுது இருக்கறப்ப எனக்கு எதுக்கு மச்சான்"ன்னான். அன்னைக்கு எடுத்தவன்தான். என்னோடதுல தேங்கா உறிக்கமாட்டான், அந்த நாணயம் உண்டு. மோட்டார் பேரிங் போகுதான்னு பாக்க நுனிய மோட்டார் மேல வச்சு கைப்பிடிய காதுல வைப்போம், டாக்டர் மாதிரி, சொரசொரன்னு கேட்டா பேரிங் காலி. அவன் வச்சுக் கேட்டுட்டு, மச்சான் உங்க மாமியா பேசறாங்கடாம்பான். அதோ உக்காந்திருக்கான். புங்கமரத்துக்குக் கீழ சிமெண்ட் திட்டுல. சாட்சி குத்தம் சாட்டப்பட்டவரோட பேசக் கூடாதுன்னு மேனேஜர் சொன்னாரு, அதனால அவன் அங்க, நான் இங்க, நடுவுல இருபது அடி வெயில். ரெண்டு கையிலயும் தோல் நெறத்துல ஒரு இறுக்கமான உறை மாட்டியிருக்கான், ஆஸ்பத்திரியில குடுத்தது, நாள் பூராவும் கழட்டக் கூடாதாம். வலது கண்ணு பாதிதான் தொறக்குது. அவன் பொஞ்சாதி சாந்தாமணி டீ டம்ளரை அவன் வாய்க்குப் பிடிக்கறா. ஊதி ஊதிப் பிடிக்கறா. நாப்பத்தாறு வயசு ஆளுக்கு. அவன் குடிச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "சாந்தா, அந்த சாட்சிக்காரர்கிட்ட சொல்லு, டீ நல்லால்ல, குடுத்தாங்கன்னா வாங்கிக் குடிக்க வேண்டாம்னு"ங்கறான். அவ என்னைப் பாத்து, "அண்ணா, காலையில சாப்டீங்களா?"ன்னு கேக்கறா. அவ ஒருத்திதான் இந்த மில்லு காம்பவுண்டுக்குள்ள இன்னைக்கு என்னை அதைக் கேட்டது. சாப்டேன்னு தலையாட்டினேன். சாப்பிடல. வயித்துல கோவம்தான் கெடக்கு, காலையில இருந்து புளிச்சுப் புளிச்சு மேல வருது.

கோவம் யார் மேலன்னு வரிசை போட்டுக்கலாம்னா வரிசை நிக்கமாட்டேங்குது. டீ வருது. ஆபீசுல எப்பவும் டீ குடுக்கற ராசாமணியக்கா கொண்டு வரல, மேனேஜரே கொண்டு வர்றாரு, ரெண்டு பேப்பர் கப்பு. பதினேழு வருசத்துல மொதத் தடவை. பக்கத்துல உக்காந்ததும் பெஞ்சு அவர் பக்கம் சாஞ்சுது, பதறிட்டுக் காலை ஊனிக்கிட்டாரு. "என்ன நாச்சிமுத்து, இது ஆடுது?" நட்டு இல்லீங்க. "சொல்லக் கூடாதா?" எழுதிக் குடுத்தேனுங்க, சார். சிரிச்சாரு. குரலை இறக்கினாரு. "பயப்படாதீங்க. உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. அவர் கேக்காம எடுத்தாரா இல்லையா?" கேக்காமத்தாங்க. "அவ்வளவுதானே! ஒரே வார்த்தை." அதுக்கு மேல சொல்லலாங்களா? "அதுக்கு மேல எதுக்கு? கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும். நீங்க லைசென்ஸ் வாங்கின ஆளு, பெட்டி உங்க பொறுப்பு, அதையெல்லாம் யாரும் கிளற வேண்டாம்னு பாக்கறோம். அவர் முறையில்லாத கருவிய தானா எடுத்து வேலை செஞ்சாரு, அதோட முடிஞ்சுரும்." அவருக்கு என்னங்க ஆகும்? "அது விசாரணை அதிகாரி முடிவு." வேலை போயிருமுங்களா? அவர் கப்புக்குள்ள பாத்தாரு. டீயில பதில் மிதக்கற மாதிரி. "உங்க பையன் டிப்ளமோ முடிக்கறான்ல? அடுத்த மாசம் ஆள் எடுக்கறோம்." எந்திரிச்சுப் போய்ட்டாரு. பெஞ்சு என் பக்கம் திரும்பிச் சாஞ்சுது. டீ கையில இருக்கு. நல்லாவே இல்ல, தம்புராஜ் சொன்னது சரிதான், ஆனா சூடா இருக்கறதால வச்சிருக்கேன்.

முறையில்லாத கருவி. அந்த வார்த்தைய எங்க இருந்து எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். அது சேஃப்டி ஆபீசர் பிரதாப்போட வார்த்தை. நூல் நூக்கற எந்திரம் ரிங் ஃபிரேம், அதோட கரண்டு பேனல் இருக்கு, பீரோ உசரம். எவன் செஞ்சானோ, ஸ்க்ரூ வரிசைய பின்னாடி வச்சுட்டு அதுக்கு முன்னாடி குறுக்கால செம்புப் பட்டைய ஓட்டியிருக்கான், கரண்டு ஓடற பட்டை, ரெண்டு விரல் அகலம். பின்னால இருக்கற ஸ்க்ரூ அதிர்வுல லூசாகும், வாரத்துக்கு ஒருக்கா முடுக்கியே ஆகணும். கைய விட்டா கை போகும். எட்டு இஞ்சு எட்டாது. பன்னெண்டு இஞ்சுத் திருப்புளிய பட்டைக்கு மேல விட்டு, பட்டை மேலயே தண்டைச் சாய்ச்சு, ஊன்றுகோல் மாதிரி சாய்ச்சு, அப்பத்தான் நுனி ஸ்க்ரூ பள்ளத்துல நிக்கும். கரண்டு ஓடற பட்டை மேல இரும்புத் தண்டைச் சாய்க்கறதான்னா, தண்டுக்கு உறை இருக்கு. நாங்க போட்ட உறை. பழைய கேபிள் மேல்தோலை உரிச்சு, கொதிக்கற தண்ணியில போட்டு இளக்கி, தண்டு மேல கோத்தா, ஆறினதும் பல்லி மாதிரி ஒட்டிக்கும். நுனி மட்டும் வெளிய தெரியும். கடையில விக்கிற உறை போட்ட திருப்புளி வேணும்னு மூணு தடவை இண்டெண்ட் எழுதினேன், ஸ்டோருல இருந்து உறையில்லாததுதான் வந்துச்சு, திருப்புளிக்குத் திருப்புளிதானேன்னு. அதனால நாங்களே போட்டுக்கிட்டோம். சட்டப்படி அது உறையே கிடையாதுன்னு எனக்குத் தெரியும், லைசென்ஸ் பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். சட்டப்படின்னா ஃபிரேமை நிறுத்திட்டுத்தான் முடுக்கணும். பேனலுக்கு மேல போர்டே தொங்குது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யவும்னு. அதுக்குப் பக்கத்துல அதைவிடப் பெரிய போர்டு, இன்னைக்கு எவ்வளவு கிலோ நூல் வரணும்னு. ரெண்டையும் ஒரே பெயிண்டர்தான் எழுதினான். எதைப் பாத்து வேலை செய்யணும்னு யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. ஒன்பது வருசம், வாரம் தவறாம, பட்டை மேல சாய்ச்சே முடுக்கினோம். கை தானா சாயும், கண்ணு பாக்காது. ஊன்றுகோல எடுத்து நடக்கறவன் ஒவ்வொரு தடவையும் கீழ குனிஞ்சு நுனியப் பாப்பானா?

அன்னைக்கு புதன்கிழமை ஆடிட். வெளிநாட்டுல நம்ம நூலை வாங்கறவங்க ஆள் அனுப்பிப் பாக்கறாங்க, கக்கூசுல சோப்பு இருக்கா, எந்திரத்துக்கு மூடி இருக்கா, அப்படி. திங்கக்கிழமையே பிரதாப் வந்தாரு, புது ஷூ, பெட்டியத் தொறங்கன்னாரு. "என்னங்கண்ணா இது, கேபிள் தோலு? ஹோம் மேட்? பாத்தா போட்டோ எடுத்துருவாங்க. முறையில்லாத கருவின்னு எழுதிருவாங்க. எல்லாத்தையும் கழட்டிருங்க." கழட்டினா எப்படிங்க வேலை செய்யறதுன்னேன். "புதுசு ஆர்டர் போட்டாச்சு, வந்துரும். ஆடிட்டுக்கு மட்டுந்தானுங்கண்ணா." அண்ணாங்கறான். எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கணும். கேட்டிருக்கணும். பெஞ்சுக்கு நட்டு வேணும்னுகூட எழுதிக் குடுக்கற நான், ராத்திரி ஸ்கூல் படிச்ச நான், கடைசி வரி வரைக்கும் படிக்கற நான், அன்னைக்கு எழுதிக் குடுங்கன்னு கேக்கல. உள்ள அந்தாளு என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? இன்னைக்குக் காலையில எனக்கு முந்தி அவர் சாட்சி. அப்படி ஒரு உறை இருந்ததாகவே எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்காரு. நானே காதால கேட்டேன், கதவு சரியா மூடாது, அதுலயும் ஸ்க்ரூ லூசு. இப்ப அந்தாளு வராந்தாவுல போன் பேசிட்டே நடக்கறாரு. ஏழு தடவை இந்தப் பெஞ்சைத் தாண்டிப் போயாச்சு. ஒரு தடவைகூடத் தலைய இந்தப் பக்கம் திருப்பல. கழுத்துல ஏதோ பேரிங் போயிருக்கு. பன்னெண்டு இஞ்சுல நுனிய அந்தக் கழுத்துல வச்சு கைப்பிடிய காதுல வச்சுக் கேட்டா என்ன சத்தம் வரும்? சொரசொரன்னு வருமா, இல்ல, ஆடிட்டுக்கு மட்டும், ஆடிட்டுக்கு மட்டும்னு வருமா?

பிளேடு என் பிளேடு. இதுதான், இங்கதான் வந்து நிக்குது, எத்தனை சுத்து சுத்தினாலும் இங்கதான் வந்து நிக்குது. பிரதாப் வெட்டல. மேனேஜர் வெட்டல. பல்லி மாதிரி ஒட்டினது உருவ வராது, நீளவாக்குல கீறணும். என்னோடது, ஸ்டோருல இருந்து வந்தது, ரெண்டு திருப்புளியையும் மடியில வச்சு நானே கீறினேன். தம்புராஜ் அன்னைக்கு லீவு. சாந்தாமணியோட அக்கா மகளுக்குச் சீரு, குடும்பத்தோட திருச்செங்கோடு போயிருந்தான். புதன்கிழமை ஆடிட் முடிஞ்சுது, பாஸு, எல்லாருக்கும் லட்டு. வியாழக்கிழமை அவன் வந்தான், என் பங்கு லட்டை கேக்காம எடுத்துத் தின்னான். டேய், உறையக் கழட்டிட்டேன்னு சொன்னேனா? சொல்லல. மறைக்கல, மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை பூராவும் ஈரக்காத்து பிளாண்ட்டுல மோட்டார் மாத்தற வேலை. சனிக்கிழமை கேபிள் தோலு உரிச்சு வச்சேன், தண்ணி கொதிக்க வைக்க ஹீட்டர் ரிப்பேரு, சரி திங்கக்கிழமை போட்டுக்கலாம்னு. திங்கக்கிழமை. ஒரு உறை போட இருபது நிமிசம் ஆகும். சனிக்கிழமை மத்தியானம் மூணேகால், கேண்டீன்ல கைகழுவிட்டிருந்தேன், சத்தம் கேட்டுச்சு. டமார்னு இல்ல, தார்ப்பாயை ஒரே இழுப்புல கிழிச்ச மாதிரி. அப்புறம் எல்லா ஃபிரேமும் ஒண்ணா நின்னுச்சு. மில்லுல அந்த அமைதிய நான் கேட்டதே இல்ல. ஓடினேன். பேனல் வாய் கருத்துப் புகையுது, கீழ என் திருப்புளி உறையில்லாமக் கெடக்கு. தம்புராஜ் தரையில உக்காந்திருக்கான், ரெண்டு கையையும் முன்னால நீட்டி வச்சிருக்கான், மருதாணி காயறதுக்கு வச்சிருக்கற பொண்ணு மாதிரி. முடி பொசுங்கின நாத்தம். புருவம் இல்ல. என்னைப் பாத்தான். மச்சான், உறை எங்கடா? அதான் கேட்டான். ரொம்ப சாதாரணமா, பெட்டியில ஸ்பேனரைக் காணோம்னா கேப்பானே, அப்படி. மச்சான், உறை எங்கடா?

பதில் சொல்லல. தூக்கினேன், ஜீப்புல ஏத்தினேன், ஆஸ்பத்திரி, கையெழுத்து, ரத்தம், எல்லாம் செஞ்சேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லல. ஆறு வாரம் ஆச்சு. பதினோரு தடவை ஆஸ்பத்திரி போனேன், கட்டுக்குள்ள இருந்து ஒரு கண்ணு பாக்கும், மாமியா எப்படி இருக்காங்கன்னு கேக்கும். உறையப் பத்தி மறுபடி கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இல்ல, சொல்லியிருக்கமாட்டேன். அவனுக்குத் தெரியும்னு நெனைக்கறேன். பெட்டி என்னோடது, பிளேடு என்னோடது, கழட்ட வேற யாரு இருக்கா? தெரிஞ்சும்தான் காலையில வக்கீல் கேட்டப்ப, "நாச்சிமுத்து திருப்புளிய நான் எப்பவும் கேக்காமத்தாங்க எடுப்பேன், அவன் மேல ஒண்ணும் தப்பில்ல"ன்னு சொன்னான். கதவு வழியா அதையும் கேட்டேன். கோவம் வந்துச்சு. எல்லார் மேலயும்விட அவன் மேலதான் வந்துச்சு. ஏண்டா, உன் கை போச்சு, கண்ணு பாதி போச்சு, ஒரு தடவை நாய மாதிரி என்னைத் திட்டித் தொலையேன். திட்டினா நானும் திருப்பித் திட்டிட்டு நிம்மதியா இருப்பேன்ல? என் திருப்புளிய எதுக்குடா எடுத்த, உன்னுதுல எதுக்குடா தேங்கா உறிச்சன்னு கேப்பேன்ல? அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டான். டீ நல்லால்லங்கறான்.

உள்ள சொன்னா என்ன ஆகும்? உறை இருந்துச்சுங்க, பிரதாப் சொல்லி நான் கீறினேங்க, திருப்பிப் போடலீங்க, அவனுக்கும் சொல்லலீங்கன்னா? பிரதாப் எழுந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லைம்பாரு. தாள் எங்க? தாள் இல்ல. அப்ப குத்தவாளி நாற்காலி காலியாகாது, ஆள் மாறும். எனக்குத்தான் லைசென்ஸ், எனக்குத்தான் பெட்டி. சொல்லாம விட்டா? ஒரு வார்த்தை. உண்மையான வார்த்தை. கேக்காம. அதை வாங்கி அவன் வேலையக் கழட்டிருவாங்க, அந்தக் கைய வச்சுக்கிட்டு வேற எவன் வேலை குடுப்பான்? பையனுக்கு இங்கயே இடம் கிடைக்கும், இதே பேனலுக்கு முன்னால நிப்பான், திருப்புளிய எடுத்து பட்டை மேல சாய்ப்பான். எவ்வளவு அழகா வேலை செய்யறாங்க, பாருங்க. மேனேஜர் கை அந்த ஸ்க்ரூவுக்குப் போகாது. போனா பொசுங்கும்னு அவருக்குத் தெரியும். பிரதாப் கை போகாது. வக்கீல் கை போகாது. அதனால நீளமா ஒண்ணு வேணும். தண்டு நேரா இருக்கணும், மில்லுல நாச்சிமுத்து நேரான ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும், கல்லா மேல உருட்டியே பாத்திருக்காங்க. என்னைப் பிடிச்சு உள்ள விட்டு தம்புராஜ்ங்கற ஸ்க்ரூவக் கழட்டறாங்க. கை வெளிய நிக்கும், வேலை உள்ள நடக்கும். எங்கிட்டயே எதுக்கு அவ்வளவு நீளம்னு கேக்கறாங்க! நானும் பெரிய அறிவாளி மாதிரி பதில் சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கேன். டீ ஆறிப்போச்சு. புங்கமரத்துக்கு வேர்ல ஊத்தலாம்னா அங்க சாந்தாமணி இருக்கா. பெஞ்சு காலுக்குக் கீழ ஊத்தினேன்.

பாக்கெட்டுல கை போகுது. காலையில இருந்து போய்ட்டே இருக்கு, பல்லு வலிக்கற எடத்துக்கு நாக்கு போற மாதிரி. நான் எதையும் வீசற ஆள் இல்ல, பொஞ்சாதி அதுக்கே என்னைத் திட்டுவா, வீடா பழைய இரும்புக்கடையான்னு. அன்னைக்குக் கீறின உறை ரெண்டுல ஒண்ணைத் தூக்கிப் போட்டேன். என்னோடதை மட்டும் மடிச்சு பெட்டி அடியில வச்சேன், எதுக்குன்னு கேட்டா அப்பத் தெரியாது. கருப்பா, பதினோரு இஞ்சு நீளம், நீளவாக்குல ஒரே கோடா கீறல், என் கை நடுங்காத கை. கைப்பிடி பக்கம் ஊசியச் சுட்டு நா.மு. ன்னு எழுதினது அப்படியே இருக்கு. உள்பக்கம் தண்டோட அச்சு, வழுவழுன்னு. நுனிகிட்ட பட்டை மேல சாஞ்சு சாஞ்சு ஒன்பது வருசத்துல ஒரு பள்ளம் விழுந்திருக்கு, விரலை வச்சா விரல் உக்காருது. தாள் இல்லைன்னேனே, இது தாள் இல்ல. ஆனா அப்படி ஒரு உறையே தெரியாதுன்னு சொன்னவருக்கு எதிர்ல, கவரைப் பிரிச்சு, அந்தத் தண்டு மேல இதை வச்சா பொருந்தும். கீறல் வாய் ஒண்ணு சேரும். யாரு கீறினான்னு கேப்பாங்க. கேக்கட்டும். அதுக்கும் பதில் ஒரே வார்த்தைதான். மேனேஜர் ஒரு வார்த்தைதானே கேட்டாரு? சொல்லிட்டுப் போறேன். மடிச்சு மடிச்சு அது சுருண்டுக்கிச்சு, தொடை மேல வச்சு நீவி நேராக்கறேன். நேராக மாட்டேங்குது, சனியன். மறுபடி நீவறேன். தம்புராஜ் அங்க இருந்து பாக்கறான். அந்தப் பாதிக்கண்ணு என் தொடையில இருக்கறதப் பாக்குது. டம்ளரைத் தள்ளிட்டான். சாந்தாமணி என்னாச்சுங்கறா. உறையத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். அவன் கேட்டதுக்கு ஆறு வாரம் கழிச்சு. அப்புறம் இருபது அடி வெயில் தாண்டிக் கேக்கற மாதிரி, மொதத் தடவையா, "அட நாசமாப் போனவனே!"ன்னான்.

"நாச்சிமுத்தண்ணா!" ராசாமணியக்கா கதவைப் பாதி தொறந்து எட்டிப் பாக்குது. "ஏனுங்ணா, ப்ளக்கு சரியாயிருச்சு, ஜீப் டிரைவர் வந்து அஞ்சு ரூவா காசை வச்சே முடுக்கிட்டாரு. பிரிண்டர் ஓடுது. உங்களைக் கூப்பிடறாங்க." காசுல முடுக்கினது ஒரு வாரம் நிக்காதுக்கா. "அதைய அப்பறம் பாத்துக்கலாங்ணா, வாங்க. கையில என்னங்ணா?"

உள்ள இருக்கறதோட உறை, அக்கான்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். பெஞ்சு ஆடுச்சு. உள்ள போறேன்.